வெளியில் வைத்த கொண்டி

நம் பட்டறையில் ஒரு விதி இருக்கிறது. கேம்பிங் வண்டி ஒன்றைக் கட்டி முடித்தால், கட்டியவர் அதற்குள் ஒரு மதியம் முழுக்கத் தனியாக இருந்து காட்ட வேண்டும். கதவு சாத்தியிருக்க வேண்டும். ஷெட்டில் வேறு யாரும் இருக்கக் கூடாது. உள்ளேயே சமைத்து, சாப்பிட்டு, படுத்து எழுந்து, தானே கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தால்தான் சாவி வாடிக்கையாளர் கைக்குப் போகும். புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் மூன்று பேரும் இதற்கு ‘பாய் ஜெயில்’ என்று பெயர் வைத்திருப்பதாக, இப்போது ஷெட்டை நடத்தும் ஏழுமலை சொன்னார். பெயர் நன்றாகத்தான் இருக்கிறது. அந்த ஜெயிலில் முதலில் உட்கார்ந்தவன் நான்தான் என்பதையும் தெரிந்துகொண்டு சிரித்தீர்கள் என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

நான் தொழில் கற்றது சரக்கு வண்டிக்குப் பாடி கட்டும் இடத்தில். பிறகுதான் பாண்டி தட்டாஞ்சாவடியில் சொந்தமாக ஷெட் போட்டு, ஸ்கூல் வேன், ஆம்புலன்ஸ் என்று போய், கடைசியில் படுக்கையும் அடுப்பும் வைத்த ஊர் சுற்றும் வண்டிகளுக்கு வந்தேன். உங்களைப் போல கம்ப்யூட்டரில் படம் போட்டுப் பார்க்கத் தெரியாது. தரையில் சாக்பீஸால் கோடு கிழிப்பேன், அவ்வளவுதான். கை சுத்தம் என்று ஊரில் பெயர் இருந்தது. அந்தப் பெயரால் வந்த திமிரும் கொஞ்சம் இருந்தது என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

பிலோமினா சிஸ்டர் வந்தது அப்படிப்பட்ட காலத்தில்தான். சிஸ்டர் என்றால் மடத்துச் சிஸ்டர் இல்லை, ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். ஐம்பத்தெட்டு வயதுக்கு மேல் இருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வேலை நேரம் போக மீதி நேரமெல்லாம் படுக்கையில் கிடந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டவர். அந்த அம்மா காலமாகி ஆறு மாதம் ஆகியிருந்தது. ஒரு பழைய மினிவேன் வாங்கி, அதிலேயே தங்கிக் கடலோரமாகக் கன்னியாகுமரி வரை போய்வர வேண்டும் என்றார்.

“கூட யாரு வர்றாங்க சிஸ்டர்?” என்று கேட்டேன்.

“யாருமில்ல பாய். நான் ஒண்டி.”

வண்டி தேடும் வேலையையும் நானே எடுத்துக்கொண்டேன். முதலில் ஒரு புரோக்கர் கொண்டுவந்தது, மூக்கும் முழியுமாகப் பளபளவென்று இருந்தது. டாஷ்போர்டில் ஊதுபத்தி வேறு புகைந்தது. எதற்கு இத்தனை வாசனை என்று எனக்குச் சந்தேகம். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு வெயிலில் கொஞ்ச நேரம் உள்ளே உட்கார்ந்து பாருங்கள் என்று சிஸ்டரிடம் சொன்னேன். பத்து நிமிடத்தில் அவர் கண்ணாடியைத் தட்டினார். நான்தான் கதவைத் திறந்துவிட்டேன். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கி, “வஞ்சிரம்,” என்றார். தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் மீன் ஏற்றிய வண்டி. தரை விரிப்பைத் தூக்கிப் பார்த்தால் உப்பு அரித்து, தகரம் அப்பளமாக நொறுங்கியது. மீன் என்று மட்டும் சொல்லாமல் வகையையும் சேர்த்துச் சொன்னாரே என்று ஏழுமலை ஒரு வாரம் சிரித்துக்கொண்டிருந்தார்.

அன்று அவர் கண்ணாடியைத் தட்டியதும் கதவைத் திறக்க வெளியே நான் நின்றிருந்தேன். அதை அப்போதே யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

பிறகு லாஸ்பேட்டையில் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விட ஒரு குடும்பம் வைத்திருந்த வேன் கிடைத்தது. நல்ல வண்டி. ஆசையாக வேலை செய்தேன். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஒரு பலகைச் சுவர் வைத்தேன், வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குப் படுக்கை தெரியாமல் இருக்க. பக்கத்து ஜன்னல்களையும் உள்ளே பலகை அடித்து மூடினேன். வலப்பக்கக் கதவு அலமாரிக்குப் பின்னால் போய்விட்டது. பின்கதவை ஒட்டி தண்ணீர்த் தொட்டி. படுக்கைப் பக்கம் ஏற, இறங்க இடப்பக்கம் தள்ளு கதவு ஒன்றுதான். அதில் மட்டும் காற்றுக்காகச் சின்ன ஜன்னல் ஒன்றை விட்டு, கொசுவலைக் கம்பியை வைத்து ஸ்குரூ முடுக்கினேன்.

நிழலுக்கு வண்டியோரம் விரிக்க இப்போதும் நம் ஷெட்டில் வைக்கிற துணிப்பந்தல் அன்றைக்கு இரண்டு ஆள் சேர்ந்து விரிப்பதாக இருந்தது. அதைக் காட்டும்போது, “அந்தப் பக்கம் யாராவது புடிச்சிக்கணும் சிஸ்டர்,” என்றேன்.

“அந்தப் பக்கம் யாரும் இருக்க மாட்டாங்க பாய். ஒண்டியா விரிக்கிற மாதிரி செஞ்சி குடுங்க.”

சரி சரி என்று தலையாட்டிவிட்டு, அதையே கொடுத்தேன். வழியில் யாராவது உதவ மாட்டார்களா என்று எனக்குள் ஒரு கணக்கு.

ஓட்டிப் பார்த்ததில் ஒரு குறை தெரிந்தது. பள்ளத்தில் இறங்கி ஏறும்போது தள்ளு கதவு நகர்ந்து கடகடவென்று சத்தம் போட்டது. நான் சரக்கு வண்டிக்காரன். கதவுக்கு வெளியே ஒரு இரும்புக் கொண்டியை வைத்தேன். கதவைச் சாத்தினால் கொண்டி தானாகக் கொக்கியில் விழுந்து பிடித்துக்கொள்ளும். சிஸ்டர் குனிந்து மாட்டக்கூட வேண்டாம். தானாக விழுகிறதே என்று அதில் எனக்கு அவ்வளவு பெருமை. சரக்கு உள்ளேயிருந்து கதவைத் திறக்காது, அதனால் அந்த வண்டிகளில் எல்லாம் கொண்டி வெளியில்தான் இருக்கும். கை பழகியதைச் செய்தது.

சாவி கொடுக்கும் நாளில் என் வீட்டுக்காரி ஜமீலா, சிஸ்டருக்கு என்று இரண்டு எவர்சில்வர் தட்டும் இரண்டு டம்ளரும் வாங்கிக் கொடுத்தனுப்பியிருந்தாள். சிஸ்டர் ஒரு தட்டையும் ஒரு டம்ளரையும் எடுத்துக்கொண்டு மற்றதை என் மேஜையில் திரும்ப வைத்தார்.

“நான் ஒண்டின்னு சொன்னேனே பாய்,” என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

நான்கு நாள் கழித்து வெள்ளிக்கிழமை. அன்று விடியற்காலையில்தான் சிஸ்டர் பயணம் கிளம்பியிருந்தார். பங்குனி வெயில். ஜும்ஆ தொழுகைக்குப் போக வெள்ளைக் கைலி கட்டி, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு ஷெட்டிலிருந்து கிளம்புகிறேன், போன் அடித்தது.

“பாய், கதவு தொறக்கல,” என்றார் சிஸ்டர்.

வேதாரண்யம் போகும் வழியில் ஒரு சவுக்குத் தோப்பில் வண்டியை நிறுத்தியிருக்கிறார். சாப்பிட்டுவிட்டுச் சற்றுப் படுக்கலாம் என்று உள்ளே ஏறியிருக்கிறார். கடல் காற்று பலமாக இருந்ததால் கதவை வேகமாக இழுத்துச் சாத்தியிருக்கிறார். என் கொண்டி தன் வேலையை ஒழுங்காகச் செய்துவிட்டது. உள்பக்கக் கைப்பிடியை எவ்வளவு இழுத்தாலும் கதவு அசையவில்லை. உள்ளே அனல்.

இனி நான் சொல்வதை ஒரு வரி விடாமல் கேளுங்கள், ஏனென்றால் வெட்கத்தோடு சொல்கிறேன்.

“வெளிய யாராச்சும் இருந்தா சத்தம் போட்டுக் கூப்புடுங்க சிஸ்டர்.”

“கூப்ட்டேன். யாருமில்ல பாய்.”

“ஹார்ன் அடிங்க.”

“ஹார்ன் முன்னாடி இருக்குது. நடுவுல நீங்க வெச்ச செவுரு இருக்குது.”

“அந்தப் பலகைய ஒதைச்சிப் பாருங்களேன்.”

“ஒதைச்சி காலு வீங்கிப் போச்சி.”

இரும்புச் சட்டத்தில் அடித்த பலகை அது. உதைத்தால் உடையாது என்று எனக்குத் தெரியும். நூறுக்குப் போன் போடுகிறேன் என்றேன். போடுங்கள், ஆனால் எந்த இடம் என்று சொல்வீர்கள், எனக்கே தெரியவில்லையே என்றார். இருக்கும் இடத்தைப் போனில் அனுப்பச் சொன்னேன். சிக்னல் ஒரு கோடுதான், போகவில்லை. போனில் சார்ஜ் எவ்வளவு என்று கேட்டேன். ஒன்பது என்றார். சார்ஜ் போடும் இடத்தையும் நான் முன்பக்கம்தான் வைத்திருந்தேன்.

இப்படியே சில நிமிடங்களைத் தின்றுவிட்டேன். நான் சொன்ன யோசனை ஒவ்வொன்றுக்கும் இன்னொரு ஆள் தேவைப்பட்டது. தனியாக அடைபட்டிருக்கும் ஒருவருக்குச் சொல்ல என்னிடம் ஒரு யோசனைகூட இல்லை. காலையில் எழுந்தால் டீயோடு ஒருத்தி, ஷெட்டுக்கு வந்தால் பத்துப் பேர், பள்ளிவாசலில் தோளோடு தோள் இடிக்கும் கூட்டம். அறுபது வயது வரை நான் ஒரு கதவையும் தனியாகத் திறந்ததில்லை.

ஷெட்டில் அதே மாடல் வேன் இன்னொன்று நின்றது. வேறொரு குடும்பத்துக்காக, அதே மாதிரி அலமாரி, அதே சுவர், அதே கொண்டி, எல்லாம் முடிந்து நின்றது. வெல்டர் ஏழுமலையைக் கூப்பிட்டேன். வில்லியனூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம், என்னிடம் இருபது வருடமாக இருந்தவர்.

“நான் உள்ள போறேன். கதவ இழுத்துச் சாத்திட்டு நீ கேட்டுக்கு அந்தாண்ட போயிடு. நான் கத்துனாலும் வராத.”

“இன்னா பாய், வெளயாடுறீங்களா? நான் வெளிய நின்னு பாத்து சொல்றேன்.”

“வெளிய நின்னு பாத்துதான்டா இந்த கதி. போ.”

கதவைச் சாத்தினார். கொண்டி விழும் சத்தம் உள்ளிருந்து கேட்கும்போது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வெளியில் நின்று கேட்டால் வேலை முடிந்த சத்தம். உள்ளே இருந்தால் பூட்டிவிட்டுப் போகும் சத்தம்.

“சிஸ்டர், நானும் உள்ளதான் இருக்கேன். இதே வண்டி. ரெண்டு பேரும் சேந்து பாப்போம்.”

“சொல்லுங்க பாய்,” என்றார். குரல் முன்பைவிட நிதானமாக இருந்தது.

சின்ன ஜன்னலின் கண்ணாடியைத் தள்ளினேன். கொசுவலையைச் சாவியால் குத்திக் கிழித்தேன். அவரைக் காய் நறுக்கும் கத்தியால் கிழிக்கச் சொன்னேன். கையைத் தோள் வரை வெளியே விட்டுத் துழாவினால், கொண்டிக்கும் விரலுக்கும் நடுவில் நான்கு விரல் தூரம். கை எட்டவில்லை. அவருக்கும் எட்டவில்லை. கரண்டி எடுத்துப் பாருங்கள் என்றேன். நீளம் போதும், ஆனால் கொண்டியைத் தூக்க ஒரு வளைவு வேண்டும், வழுக்குகிறது என்றார். என் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. சுற்றிலும் நானே அடித்த பலகைகள். எதைப் பிடுங்கலாம் என்று எதிரியின் வீட்டைப் பார்ப்பதுபோல் பார்த்தேன். ஜன்னல் திரை தொங்கும் கம்பி கண்ணில் பட்டது.

உருவி எடுத்தேன். அலமாரிக் கதவின் இடுக்கில் நுனியைக் கொடுத்து மடக்கினேன். ஜன்னல் வழியாக விட்டு, கொண்டிக்குக் கீழே மாட்டி, மேலே இழுத்தேன். முதல் முறை நழுவியது. இரண்டாவது முறையும் நழுவியது. மூன்றாவது முறை கொண்டி தூக்கிக்கொண்டது. கதவு நகர்ந்தது.

“சிஸ்டர்! தெறந்துடுச்சி! தெரை மாட்டியிருக்கிற கம்பிய உருவுங்க, அலமாரிக் கதவு இடுக்குல வெச்சி மடக்குங்க...”

போன் செத்துவிட்டது. அவர் அதைக் கேட்டாரா, எது வரை கேட்டார், எதுவும் தெரியாது.

அந்த நேரத்தில் பள்ளிவாசலில் தொழுகை முடிந்திருக்கும். திறந்த கதவின் படியிலேயே உட்கார்ந்திருந்தேன். ஏழுமலை தன் போனில் நாகப்பட்டினம் பக்கத்து ஆட்களையும் போலீஸையும் மாற்றி மாற்றிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். வாங்கிக் கையிலேயே வைத்திருந்தேன். ஒரு மனுஷியை நான் பெட்டியில் வைத்துப் பூட்டிக் கொன்றுவிட்டேன் என்று முடிவே செய்துவிட்டேன். என் வேலையின் அழகைப் பார்த்து ஊர் மெச்சியதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது.

நாற்பது நிமிடம் கழித்து அவர் எண்ணிலிருந்தே போன் வந்தது. முன்பக்கம் உட்கார்ந்து சார்ஜ் போட்டுவிட்டுப் பேசினார்.

“வந்துட்டேன் பாய். கம்பிய உருவுங்கன்னது வரைக்கும் கேட்டுச்சி.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. மன்னிச்சிடுங்க சிஸ்டர், மன்னிச்சிடுங்க என்பதைத் தவிர வாயில் வேறு வார்த்தை வரவில்லை. அவர் அதை முழுக்கச் சொல்ல விட்டார். பிறகு சொன்னார்:

“நான் ஒண்டின்னு மூணு தடவ சொன்னேன் பாய். நீங்க ஒரு தடவகூட நம்பல.”

மறுநாள் காலையிலேயே ஏழுமலையைக் கூட்டிக்கொண்டு, சிஸ்டர் வந்து தங்கியிருந்த நாகப்பட்டினம் கடற்கரைக்குப் போனேன். கொண்டியை அறுத்து எறிந்தோம். பலகைச் சுவரில் ஆள் நுழையும் அளவுக்கு வழி வெட்டினோம். சார்ஜ் போடும் இடத்தைப் படுக்கைப் பக்கம் கொண்டுவந்தோம். துணிப்பந்தலின் ஒரு முனையை வண்டியோடு சேர்த்து முடுக்கி, ஒரே ஆள் இழுத்தால் விரியும்படி செய்தேன். இன்று நாம் எல்லா வண்டிக்கும் வைப்பது அந்தப் பந்தல்தான். சிஸ்டர் எங்களுக்குக் காபி போட்டுக் கொடுத்தார். இருந்த ஒரே டம்ளரில் ஏழுமலை குடித்து முடித்து, கழுவி, பிறகு எனக்குக் கிடைத்தது.

அவர் கடலைப் பார்த்தபடியே பேசினார். “மம்மா இருந்த வரைக்கும் அந்த ரூமுலேர்ந்து ‘பிலோ, பிலோ’ன்னு கூப்ட்டுக்கிட்டே இருப்பாங்க. எப்படா இந்த சத்தம் நிக்கும்னுகூட நெனச்சிருக்கேன். நேத்து உள்ள மாட்டிக்கிட்டப்ப, சாவு பயம் இல்ல பாய். ஆஸ்பத்திரில பாக்காத சாவா? எத்தினி நாளு கழிச்சி என்னைக் கண்டுபுடிப்பாங்கன்னு கணக்கு போட்டேன். கணக்கு முடியவே இல்ல.”

தினமும் சாயங்காலம் வண்டியை நிறுத்தியதும் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுங்கள், அது வந்தால் கதவு திறந்தது என்று அர்த்தம் என்றேன். வராவிட்டால் நான் கிளம்பி வருவேன் என்றேன். அவர் சிரித்தார். ஆனால் அன்றிலிருந்து ஆறு மணி வாக்கில் போன் ஒரு முறை அடித்து நிற்கும். நானும் திருப்பி ஒன்று கொடுப்பேன். பேச்சு கிடையாது. பாண்டியில் இருக்கும் நாட்களிலும் அவர் அதை விடவில்லை.

அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு வந்ததுதான் நீங்கள் சிரிக்கும் விதி. குடும்பத்துக்குக் கட்டும் வண்டிக்கு எதற்கு இது என்று உங்களில் ஒருவர் கேட்டாராம். நியாயமான கேள்வி. எல்லாக் குடும்பமும் என்றைக்கும் நான்கு பேராகவே இருக்கும் என்று நான் நினைத்திருந்த காலமும் உண்டு.

ஜமீலா போய் இப்போது ஒன்றரை வருடம் ஆகிறது. ஷெட்டை ஏழுமலையிடம் ஒப்படைத்த அதே ஆண்டு. நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதும் வரைக்கும் வீடு நிறைய ஆட்கள். அதற்குப் பிறகு மகன் துபாய்க்குத் திரும்பினான், மகள் காரைக்காலில் அவள் வீட்டுக்குப் போனாள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவரவர் பிழைப்பு அவரவருக்கு. எல்லோரும் போன பிறகுதான் என் வீட்டை முதல் முறையாகப் பார்த்தேன். பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறினால் கீழே பிடிக்க ஆள் இல்லை. முதுகில் தைலம் தேய்க்க எட்டவில்லை. ஊறுகாய் ஜாடி மூடியை இத்தனை வருடம் யார் முடுக்கி வைத்தது, யார் திறந்தது என்றே எனக்குத் தெரியாது. அந்த வண்டியை எப்படிக் கட்டினேனோ, அப்படியே என் வீட்டையும் கட்டியிருந்தேன்.

ஒரு நாள் வெளியே போகத் தோன்றவில்லை. மறுநாளும் தோன்றவில்லை. பால்காரரிடம் வேண்டாம் என்று ஜன்னல் வழியே சொல்லிவிட்டேன். ஆறு மணிக்கு மிஸ்டு கால் வந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன், திருப்பிக் கொடுக்கவில்லை. மூன்று நாள் அப்படிப் போனது. நான்காம் நாள் மணி அடித்து நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தேன்.

“பாய்.”

“சொல்லுங்க சிஸ்டர்.”

“கதவு சாத்தியிருக்குதா?”

“சாத்திதான் இருக்குது.”

“எத்தினி நாளா?”

சுவர்க் காலண்டரில் கிழிக்காத தாள்களை எண்ணினேன்.

“வெளிய கொண்டி எதுனா போட்டிருக்குதா?”

“இல்ல சிஸ்டர்.”

“அப்ப தொறங்க. நான் லைன்ல இருக்கேன்.”

எழுந்து போனேன். மேல் தாழ்ப்பாள் இறுகியிருந்தது. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் இழுத்துத் திறந்தேன். தெருவில் வெயில் தாழ்ந்திருந்தது.

“தொறந்துட்டீங்களா?”

“தொறந்துட்டேன்.”

“யாரு இருக்காங்க வெளிய?”

இரண்டு பக்கமும் பார்த்தேன். “யாருமில்ல சிஸ்டர்.”

“இங்கயும் யாருமில்ல,” என்றார். அவர் எந்த ஊரில், எந்தக் கடற்கரையில் நின்றார் என்று நான் கேட்கவில்லை. காற்று மட்டும் போனில் கேட்டது. “சரி, நான் டீ போடப் போறேன். நீங்களும் போடுங்க. போன வெக்காதீங்க.”

கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு அடுப்படிக்குப் போனேன். பால் இல்லை, கறுப்பு டீதான். போனை அலமாரியில் சாய்த்து வைத்தேன். அந்தப் பக்கம் அவர் அடுப்பைப் பற்றவைக்கும் சத்தம், இந்தப் பக்கம் நான். தண்ணீர் கொதித்தது. கை பழக்கத்தில் இரண்டு டம்ளர்களை எடுத்தது. ஒன்றைத் திரும்ப வைத்தேன்.